நகலா, புதுமையா? அரசியல் அமைப்பு அதை எப்படித் தீர்மானிக்கிறது: ஓர் எளிய விளக்கம்

"சீனாக்காரனுக்குக் காப்பி அடிக்கத்தான் தெரியும்." "ரஷ்யாக்காரனுக்கு ராக்கெட் விட வரும், ஒழுங்கான ஃபிரிட்ஜ் செய்ய வராது." "ஜனநாயகம் இருந்தால் புதுமை தானாக வரும்." மூன்றும் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை அடிக்கடி காதில் விழுபவை. முதல் இரண்டும் ஒரு சமூகத்தின் செயலை அதன் பிறவிக் குணமாக்கிவிடுகின்றன. மூன்றாவது, ஆட்சிமுறையின் பெயரை மந்திரம் போல உச்சரிக்கிறது.

சோவியத் ஒன்றியத்தின் கணினி வரலாற்றில் இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1951-ல் கீவ் நகருக்கு வெளியே ஃபியோஃபானியாவில், செர்கே லெபெதேவ் தலைமையிலான சிறு குழு மெஸ்ம் என்ற கணினியை முறைப்படி வேலைக்குக் கொண்டுவந்தது. சுமார் 6,000 வெற்றிடக் குழாய்கள், முழுக்கச் சொந்த வடிவமைப்பு. 1969-ல் அதே நாட்டு அரசு, அமெரிக்காவின் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசையை நகலெடுப்பது என்று உறுதி செய்தது. பதினெட்டு ஆண்டுகளில் பொறியாளர்களின் மூளை மழுங்கிவிடவில்லை. ஆட்சியின் பெயரும் மாறவில்லை. மாறியவை வேறு: முடிவெடுப்பது யார், தோற்றால் அடி யாருக்கு, ஜெயித்தால் பலன் யாருக்கு. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு சமூகம் நகலெடுக்குமா, புதிதாகச் செய்யுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

## முதலில் மூன்று சொற்கள்

கண்டுபிடிப்பு என்றால் இதற்கு முன் இல்லாத ஒன்றை முதல்முறை இயங்க வைப்பது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு மாதிரி ஓடினாலும் அது கண்டுபிடிப்புதான். புதுமையாக்கம் என்றால் அந்த மாதிரி ஆலைக்குப் போய், விலைக்குக் கட்டுப்படியாகி, பலர் கையில் புழங்குவது. நகல் என்றால் வேறொருவர் செய்து முடித்ததைப் பார்த்துச் செய்வது.

இந்த மூன்றும் ஒன்றாக வளர்வதில்லை. உருக்கிய எஃகை அச்சுகளில் ஊற்றி ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி உருட்டுவது பழைய முறை. உருகிய எஃகு ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் இறுகிய பாளமாக வெளிவருவது தொடர்வார்ப்பு முறை. இதில் சோவியத் பொறியாளர்கள் முன்னோடிகளில் சேர்ந்தவர்கள். ஆனால் அதை நாடு முழுக்க ஆலைகளில் பரப்பி லாபம் பார்த்தது ஜப்பான். சோவியத் ஆலைகளில் பழைய முறையே பெரும்பாலும் நீடித்தது. கண்டுபிடிப்பு இருந்தும் புதுமையாக்கம் நடக்கவில்லை. காரணம் ஆலை மேலாளரின் கணக்கில் இருக்கிறது.

## மேலாளர் ஏன் "வேண்டாம்" என்றார்?

ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் மாஸ்டருக்கு முதலாளி விதித்திருப்பது நாளொன்றுக்கு 300 சாப்பாடு. 300 போட்டால் போனஸ், 299 என்றால் கிடையாது. ஒரு நாள் 330 போட்டுவிட்டால், அடுத்த மாதம் முதல் இலக்கே 330. சாப்பிடுகிறவர்களுக்கு வேறு மெஸ் இல்லை; குழம்பு எப்படியிருந்தாலும் வந்தே ஆகவேண்டும். மளிகைச் சாமான் பட்டியலைப் போன வருடமே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, நடுவில் புதிதாக எதுவும் வாங்க முடியாது. இந்த மாஸ்டர் புதுக் குழம்பு ஒன்றை முயன்று பார்ப்பாரா? அவருக்குத் திறமை இருக்கலாம், ஆசையும் இருக்கலாம். கணக்குப் போட்டால் பழைய சாம்பாரே போதும் என்றுதான் வரும்.

சோவியத் ஆலை ஏறக்குறைய இப்படித்தான் இயங்கியது. கோஸ்பிளான் என்ற திட்ட அமைப்பு உற்பத்தி இலக்குகளை வகுத்தது. மூலப்பொருளும் உதிரிபாகமும் கோஸ்ஸ்நாப் என்ற வழங்கல் அமைப்பின் வழியே, முன்கூட்டியே போட்ட ஒதுக்கீட்டின்படி வந்தன. மேலாளரின் போனஸ், இலக்கை எட்டினாரா இல்லையா என்பதோடு கட்டப்பட்டிருந்தது.

இதற்குள் ஒரு புது இயந்திரம் நுழைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதைப் பொருத்த உற்பத்தி வரிசையைச் சில வாரங்களாவது நிறுத்த வேண்டும். அந்தக் காலாண்டின் இலக்கு போயிற்று, போனஸும் போயிற்று, மேலாளருக்கு மட்டுமல்ல, தொழிலாளிகளுக்கும். புது இயந்திரம் கேட்கும் உதிரிபாகம் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்காது. வெளியே போய் வாங்கக் கடையும் கிடையாது. எல்லாத் தடையையும் தாண்டி உற்பத்தி பெருகினால், அடுத்த ஆண்டின் இலக்கு அந்தப் புதிய அளவிலிருந்தே தொடங்கும்.

இந்தக் கடைசி விஷயத்துக்குப் பொருளாதாரத்தில் ராட்செட் விளைவு என்று பெயர். ராட்செட் என்பது ஒரு பக்கம் மட்டுமே சுழலும் பல்சக்கரம். இலக்கும் அப்படி மேலே மட்டுமே போகும். விவரம் தெரிந்த மேலாளர் உற்பத்தியை இலக்கின் 101 அல்லது 102 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வார். 130 சதவீதம் காட்டுகிறவர் அடுத்த ஆண்டு தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறார்.

சுருக்கமாக: புதுமை தோற்றால் நட்டம் மேலாளருக்கு, வென்றால் லாபம் அவருக்கு இல்லை. இதில் சோம்பேறித்தனம் எதுவுமில்லை. அவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்.

## எத்தனை கதவுகள்?

அடுத்த கேள்வி, ஒரு யோசனைக்கு "சரி" சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது. பல முதலீட்டாளர்கள், பல நிறுவனங்கள், பல பல்கலைக்கழகங்கள் இருக்கும் இடத்தில் ஒன்பது பேர் மறுத்தாலும் பத்தாவது ஆள் போதும். ஒரே அமைச்சகம் இருக்கும் இடத்தில் ஒரு மறுப்பே முற்றுப்புள்ளி.

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிகோலாய் புருசென்ட்சோவ் 1958-ல் உருவாக்கிய செதூன் கணினி இதற்குச் சரியான சாட்சி. நாம் இன்று பயன்படுத்தும் எல்லாக் கணினியும் 0, 1 என்ற இரண்டு நிலைகளில் இயங்குகின்றன. செதூன் −1, 0, +1 என்ற மூன்று நிலைகளில் இயங்கியது. எதிர்ம எண்களுக்குத் தனிக் குறி தேவைப்படாததால் கணக்கு சுருக்கமாக முடிந்தது. விலையும் குறைவு. சுமார் 50 இயந்திரங்கள் செய்யப்பட்டன. 1965-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மூன்றுநிலைக் கணினி கடைசியில் இரண்டுநிலைக் கணினியை வென்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வென்றிருக்காது என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் போட்டி நடக்கவே இல்லை. தட்டிப் பார்க்க இரண்டாவது கதவு இருக்கவில்லை.

அதே சோவியத் அரசு போர் விமானங்களுக்கு மட்டும் பல கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. மிக், சுகோய், யாக்கோவ்லெவ் என்று தனித்தனி வடிவமைப்பு நிறுவனங்கள் ஒரே தேவைக்கு வெவ்வேறு விமானங்களை முன்வைத்தன. ஒன்று தோற்றால் இன்னொன்று. வாங்குபவரான ராணுவம் தரம் பார்த்து நிராகரித்தது, அமெரிக்க விமானங்களோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டது. 1957 அக்டோபர் 4-ல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய நாட்டில் வீட்டு உபயோகப் பொருள்கள் மட்டும் ஏன் பின்தங்கின என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஃபிரிட்ஜ் வாங்குகிறவருக்கு நிராகரிக்கும் அதிகாரம் இல்லை.

கதவுகள் இருப்பதற்கு ஜனநாயகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. சீனாவின் ஷென்சென் 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. 2000-களில் தைவானின் மீடியாடெக் நிறுவனம் கைபேசிக்கான சில்லையும் தயார்நிலை வடிவமைப்பையும் சேர்த்தே விற்றபோது, அங்கே சின்னச் சின்னப் பட்டறைகள்கூடச் சொந்தமாகக் கைபேசி செய்தன. முதலில் நோக்கியாவின் நகல்கள். பிறகு இரண்டு சிம், பெரிய ஒலிபெருக்கி, நாள்கணக்கில் தாங்கும் பேட்டரி. தோல்விக்கு ஆகும் செலவு ஒரு தொகுதி கைபேசியின் விலை மட்டுமே; வேலையோ பதவியோ உயிரோ பணயம் இல்லை. ஒற்றைக் கட்சி ஆட்சி, ஆயிரம் கதவுகள்.

## ஐபிஎம்மை நகலெடுத்தது முட்டாள்தனமா?

இல்லை. கையில் இருந்த காரணங்களைப் பார்த்தால் அது புத்திசாலித்தனமாகவே தெரிந்திருக்கும். 1960-களின் நடுவில் சோவியத் ஒன்றியத்தில் மின்ஸ்க், உரால், பெஸ்ம் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல கணினி வகைகள் இருந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. ஐபிஎம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360-ன் சிறப்பே, சின்ன இயந்திரம் முதல் பெரியது வரை ஒரே நிரலை ஏற்கும் குடும்பம் என்பது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அதற்காக உலகெங்கும் எழுதப்பட்ட மென்பொருளும் கூடவே கிடைக்கும். லெபெதேவ் எதிர்த்தார். பிரிட்டனின் ஐசிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்யலாம் என்ற யோசனையும் இருந்தது. வானொலித் தொழில் அமைச்சகத்தின் முடிவே நின்றது. கிழக்கு ஜெர்மனி, பல்கேரியா, ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாடுகளும் பங்கேற்க, இஎஸ் வரிசைக் கணினிகள் பிறந்தன.

சிக்கல்கள் எங்கிருந்து வந்தன?

முதலாவது, காலம். இஎஸ் வரிசையின் முதல் இயந்திரங்கள் 1972 வாக்கில் வெளிவந்தன. ஐபிஎம் 1970 ஜூனிலேயே அடுத்த தலைமுறையான சிஸ்டம்/370-ஐ அறிவித்துவிட்டது. நகலெடுப்பவர் குறிவைப்பது எப்போதும் எதிராளி நேற்று நின்ற இடத்தை.

இரண்டாவது, வரைபடம் கிடைத்தாலும் காரணம் கிடைப்பதில்லை. முடிந்த பொருளைப் பிரித்துப் பார்த்து அது எப்படிச் செய்யப்பட்டது என்று பின்னோக்கிக் கண்டறிவதை ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்பார்கள். அதில் "இது இப்படி இருக்கிறது" என்று தெரியும். "ஏன் இப்படி, வேறு எதையெல்லாம் முயன்று கைவிட்டார்கள்" என்பது தெரியாது. மூலத்தை வடிவமைத்தவர் அடுத்த மாதிரியைச் செய்வது இந்த இரண்டாவது அறிவை வைத்துத்தான்.

மூன்றாவது, சிறிய விஷயம்தான், ஆனால் நிலைமையை நன்றாகக் காட்டும். அமெரிக்கச் சில்லுகளின் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. சோவியத் தரநிலை மெட்ரிக் முறைக்கு ஏற்ப அதை 2.5 மி.மீ. ஆக்கியது. வித்தியாசம் 0.04 மி.மீ. 14 கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு 7 கால், 6 இடைவெளி. மொத்த விலகல் 0.24 மி.மீ., அழுத்தினால் உட்கார்ந்துவிடும். 40 கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு 19 இடைவெளி, விலகல் 0.76 மி.மீ. ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை துளையில் இறங்காது. உள்ளே மின்சுற்று ஒத்த நகல், வெளியே மூலத்தின் சாக்கெட்டில் பொருந்தாது.

நான்காவது இழப்புதான் பெரியது. சொந்தக் கட்டமைப்பு வடிவமைக்கும் வேலைக்கு ஆளும் பணமும் குறைந்தன. லெபெதேவின் பெஸ்ம்-6 வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் செயல்கள் செய்யும் சொந்த வடிவமைப்பு. 1968-ல் உற்பத்திக்கு வந்த அது 1987 வரை செய்யப்பட்டது. இருபது வருடப் பழைய வடிவத்தை அத்தனை காலம் விரும்பிக் கேட்டார்கள் என்பதில் பாராட்டும் இருக்கிறது, பரிதாபமும் இருக்கிறது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: நகலெடுக்கும் முடிவு அந்த நேரத்துக்கு மலிவு. அதன் விலை பத்து வருடம் கழித்து, அடுத்ததை வடிவமைக்க ஆள் இல்லாதபோதுதான் தெரியும்.

## நகலிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியும்

1944-ல் ஜப்பானுக்கு எதிரான போரில் குண்டு வீசப் போன மூன்று அமெரிக்க பி-29 விமானங்கள் பழுது, எரிபொருள் பற்றாக்குறை போன்ற காரணங்களால் சோவியத் தூரக்கிழக்கில் தரையிறங்கின. திருப்பித் தரப்படவில்லை. ஸ்டாலின் உத்தரவின்படி துப்பொலெவ் நிறுவனம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்தது, ஒன்றைப் பறக்கப் பழக வைத்துக்கொண்டது, ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டது. நகலான டியு-4 1947 மே மாதம் பறந்தது. சுமார் 850 விமானங்கள் செய்யப்பட்டன.

ஈயடிச்சான் காப்பி என்றுதான் உத்தரவு. ஆனால் செய்து பார்த்தால் அது நடக்காது. பி-29-ன் அலுமினியத் தகட்டின் தடிமன் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மி.மீ. சோவியத் உருட்டாலைகளில் அந்த அளவே கிடையாது. அடுத்த பெரிய அளவைப் போட்டால் எடை கூடும், சிறியதைப் போட்டால் வலிமை குறையும். எனவே எந்த இடத்தில் எவ்வளவு விசை விழுகிறது என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டுத் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மின்கம்பிகளுக்கும் இதே பாடு. இன்ஜினும் துப்பாக்கிகளும் சொந்தமானவை. இத்தனைக்குப் பிறகும் மொத்த எடை மூலத்தைவிட ஒரு சதவீதம் அளவே மாறியது. நகலெடுக்க இறங்கியவர்கள் விமானத்தையே மறுபடி வடிவமைத்திருந்தார்கள்.

வெளியிலிருந்து வரும் அறிவைப் புரிந்துகொண்டு தனதாக்கும் இந்த ஆற்றலை உள்வாங்கும் திறன் என்கிறார்கள். டியு-4 முடிந்ததும் அதே குழுவிடம் புதிதாக ஒரு ஜெட் குண்டுவீச்சு விமானம் கேட்கப்பட்டது. போட்டியாக இல்யூஷின் நிறுவனமும் ஒன்றைச் செய்தது. 1952-ல் பறந்த டியு-16 யாருடைய நகலும் அல்ல. விமானத்தில் நகல் படிக்கட்டானது, கணினியில் முட்டுச்சந்தானது. முதலாவதில் வடிவமைப்புக் குழு கலையவில்லை, அடுத்த வேலை சொந்தமாகச் செய்யச் சொல்லி வந்தது, போட்டியாளரும் இருந்தார்.

## பலன் யாருக்கு?

காப்புரிமை என்பது ஒரு பேரம். கண்டுபிடித்தவர் ரகசியத்தை ஊரறிய வெளியிட வேண்டும்; பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு தடுக்கும். வெனிஸ் குடியரசு 1474-ல் பத்து ஆண்டுப் பாதுகாப்போடு இப்படியொரு சட்டம் போட்டது. சோவியத் ஒன்றியத்தில் வழக்கமாகத் தரப்பட்டது காப்புரிமை அல்ல, ஆசிரியர் சான்றிதழ். கண்டுபிடித்தவருக்குப் பெயரும், உச்சவரம்புள்ள ஒரு வெகுமதியும். பயன்படுத்தும் உரிமை அரசுக்கு.

1984-ல் மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் விளையாட்டை எழுதினார். எழுதிய இயந்திரம் எலெக்ட்ரோனிகா 60. அது அமெரிக்காவின் பிடிபி-11 கணினி வரிசையின் நகல். நகலெடுத்த இயந்திரத்தில் உலகம் முழுக்க ஓடிய அசலான படைப்பு! விளையாட்டின் உரிமையை வெளிநாட்டுக்கு விற்றது எலோர்க் என்ற அரசு நிறுவனம். 1989-ல் நிண்டெண்டோவின் கேம் பாயோடு டெட்ரிஸ் வீடு வீடாகப் போனது. பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-ல்.

பணம் இல்லாவிட்டால் படைப்பு இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. டெட்ரிஸ் எழுதப்படத்தான் செய்தது. படைப்பைச் சந்தைக்குக் கொண்டுபோக ஓடியவர்கள்தான் எல்லோரும் வெளிநாட்டவர். தொடக்கத்தில் பார்த்த கண்டுபிடிப்பு, புதுமையாக்கம் வேறுபாடு இங்கே திரும்பவும் தெரிகிறது.

## பயம்

தோல்வியின் தண்டனை போனஸ் இழப்போடு நிற்காத காலமும் இருந்தது. தாவர மரபியலாளர் நிகோலாய் வாவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சரதோவ் சிறையில் இறந்தார். 1948 ஆகஸ்டில், மரபியலை மறுத்த வேளாண் அறிஞர் லைசென்கோவின் கொள்கையே அதிகாரபூர்வ உயிரியல் ஆனது. மரபியல் 1960-களின் நடுவில்தான் மீண்டது. அதே ஆண்டுகளில் சோவியத் கணிதமும் இயற்பியலும் உலகத் தரத்தில் இருந்தன. கணிதத்துக்குத் தாளும் பென்சிலும் போதும், ஒதுக்கீடு வேண்டாம். இயற்பியலுக்கு வேறொரு கவசம். 1949-ல் சார்பியலையும் குவாண்டம் கொள்கையையும் கண்டிக்க ஏற்பாடான மாநாடு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அணுகுண்டு வேலை கெட்டுவிடும் என்பதே காரணம் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். குண்டு வெடிக்கிறதா இல்லையா என்பதைச் சித்தாந்தம் தீர்மானிக்க முடியாது.

## ஜனநாயகங்கள் காப்பி அடிக்கவில்லையா?

நன்றாகவே அடித்தன. நூற்பு இயந்திரங்களும் கைவினைஞர்களும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டிருந்தது. பிரிட்டனின் நூற்பாலையில் வேலை பழகிய சாமுவேல் ஸ்லேட்டர், ஆர்க்ரைட் என்பவரின் நூற்பு இயந்திரத்தின் அமைப்பை மனதில் ஏற்றிக்கொண்டு 1789-ல் அமெரிக்கா போனார். ரோட் ஐலண்டின் பாவ்டக்கெட்டில் நூற்பாலை ஓடத் தொடங்கியது. அங்கே அவர் தொழில்துறையின் தந்தை. 1793-ன் அமெரிக்கச் சட்டப்படி குடிமக்களுக்கு மட்டுமே காப்புரிமை. 1836-ல் வெளிநாட்டவருக்கும் திறந்தார்கள், கட்டணத்தோடு: அமெரிக்கருக்கு 30 டாலர், பிரிட்டிஷ்காரருக்கு 500 டாலர், மற்றவர்களுக்கு 300. வெளிநாட்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமையை அமெரிக்கா மதிக்கத் தொடங்கியது 1891-ல். நெதர்லாந்து 1869-ல் காப்புரிமைச் சட்டத்தையே நீக்கிவிட்டு 1912-ல்தான் திரும்பக் கொண்டுவந்தது. பிலிப்ஸ் நிறுவனம் மின்விளக்கு செய்யத் தொடங்கிய 1891 இந்த இடைவெளிக்குள் வருகிறது.

பின்தங்கியிருக்கும் வரை நகல் லாபம். சொந்தமாகச் செய்பவர்கள் பெருகியதும் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் குரல் உள்நாட்டிலிருந்தே எழுகிறது. அந்தக் குரல் சட்டமாக மாற வழியிருக்கிறதா என்பதில்தான் ஆட்சிமுறை முக்கியமாகிறது.

இந்தியா இதே பாதையைத் திட்டமிட்டே நடந்தது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் தந்த அறிக்கையின் அடிப்படையில் 1970-ல் காப்புரிமைச் சட்டம் வந்தது, 1972-ல் அமலானது. மருந்து மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடையாது. அதைத் தயாரிக்கும் வழிமுறைக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் ஏழு ஆண்டு. வேறு வேதியியல் வழியில் அதே மருந்தைச் செய்தால் குற்றமில்லை. எனவே இந்திய வேதியியலாளர்களின் மூளை முழுக்க, குறைந்த படிகளில் மலிவாக அதே மூலக்கூறை அடைவது எப்படி என்பதில் இறங்கியது. அரசு மருந்து நிறுவனமான ஐடிபிஎல்லின் ஹைதராபாத் ஆலையில் வேலை பழகியவர்கள் வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டீஸை 1984-ல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். 2001-ல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, எச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேற்கு நாடுகளில் அப்போது அதன் விலை 10,000 டாலருக்கு மேல்.

ஆனால் சட்டம் எதற்குப் பரிசு தந்ததோ அதுதான் வளர்ந்தது. வழிமுறையில் இந்தியா உலகத் தரம். முழுக்கப் புதிய மூலக்கூறுகளில் இன்னும் மெலிவு. ஒரு புதிய மூலக்கூறு சந்தைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பணம் போட வேண்டும், பெரும்பாலானவை நடுவழியில் தோற்கும். அந்தத் தோல்வியைச் சுமக்கும் அமைப்பு இங்கே உருவாகவில்லை. 2005-ல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக மூலக்கூறுக்கான காப்புரிமை திரும்பியது. கூடவே பிரிவு 3(டி) சேர்ந்தது: பழைய மருந்தின் வடிவத்தைச் சற்றே மாற்றி, பலன் கூடாமல், புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படிதான் சுவிஸ் மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை மனுவை நிராகரித்தது.